கல் கொட்டகை ராகி

"கோழிக்கு ராகி போட்டது யாரு?" என்று கொழுந்தன் சுபாஷ் மேல் பாய்ந்தாள் ராசாத்தி. அவள் அறுத்த கோழியின் இரைப்பை நிறைய ராகி இருந்தது. கம்பெனித் தீவனம் தவிர வேறெதையும் கண்டிராத கூண்டுக் கோழி அது. பண்ணையில் ராகி இருப்பது, மாமனார் செத்த அன்று பூட்டிய பழைய கல் கொட்டகையில்தான். அதை இடிக்க நாளைக்கு ஜூஜுவாடியிலிருந்து ஜேசிபி வருகிறது.

"பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு அண்ணி, போய்ப் பாருங்க. இடிக்கச் சொன்னதே நீங்கதானே?" என்றான் அவன், முகம் கொடுக்காமல்.

போய்ப் பார்த்தாள். பூட்டின் மேல் சிலந்தி வலை கலையாமல் இருந்தது.

திரும்பும்போது தொண்டையில் ஏதோ நெருடியது. காறித் துப்பினாள். உள்ளங்கையில் காய்ந்த ராகி விழுந்தது. காலையில் அவள் தின்றது இட்லி.

துப்பத் துப்ப வந்தது.