எழுநூறு ரூபாய் கணக்கு

மரவள்ளிக் கிழங்கின் விலை கடைசியில் எங்கே போய் நிலைக்கும்? இதுதான் இசைவாணியின் ஆராய்ச்சி. கம்ப்யூட்டரில் அவள் ஓட்டிய கணக்கோ நிலைக்கவே மாட்டேன் என்றது. ஒரு தரம் விலை வானத்துக்குப் போகும், மறு தரம் பாதாளத்துக்கு.

"ஆரம்ப மதிப்பு தப்பா இருக்கும்மா. இப்போதைய விலையைப் போட்டு ஓட்டிப் பாரு" என்றார் பேராசிரியர்.

கல்வராயன் மலையில் மரவள்ளி போடும் அப்பா காசிநாதனுக்குப் போன் அடித்தாள்.

"கெழங்கு இன்னா வெலைக்குப்பா போச்சு?"

"மூட்டை எழுநூறு கண்ணு. இங்க ஒரு கொறையும் இல்ல. நீ படிப்ப பாரு."

எழுநூறு என்று போட்டாள். கணக்கு நின்றது, சரியாக எழுநூற்றிலேயே. பேராசிரியர் பாராட்டி, கட்டுரையைக் கருத்தரங்குக்கே அனுப்பிவிட்டார்.

ஊருக்கு வந்ததும், கம்ப்யூட்டரும் எழுநூறு என்றே சொன்னதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானூறு கூட கெடைக்கல கண்ணு. தெரிஞ்சா படிப்ப வுட்டுட்டு வந்துடுவியேன்னு வாய்க்கு வந்தத சொன்னேன்."

இசைவாணிக்கு முகம் சுண்டிப்போனது. அன்று போன் அடிப்பதற்கு முன்பே, கணக்கு எப்படியாவது நின்றால் போதும் என்று, எவ்வளவு பிழை வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அதைத் தளர்த்தி வைத்தவள் அவள்தான். கம்ப்யூட்டர் எதையும் தேடவே இல்லை. கொடுத்த எழுநூற்றை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

காசிநாதன் மெல்லக் கேட்டார்.

"நான் சொன்னது பொய்யி. கம்ப்யூட்டரும் எப்படி கண்ணு அதையே சொல்லுது?"