பூமிக்கு நோகாத கல்யாணம்

"பத்திரிகை வேண்டாம் மாமா, மரம் வெட்டணும். மேளம் வேண்டாம், குருவி பயப்படும். கார் ஊர்வலமும் வேண்டாம், புகை. நான் தனியா சைக்கிள்லயே வந்துடுறேன்" என்றான் மாப்பிள்ளை ரவூஃப்.

எங்கள் ஊர் மன்சூராவில் மேளமில்லாமல் போவது பிணம் மட்டும்தான்.

"போட்டோ எடுக்கலாமா, அதுலயும் புகை வருமா?" என்று கேட்டேன்.

"கரண்ட் செலவாகுமே மாமா!"

"அப்பா, உங்களுக்குப் பூமி மேல அக்கறையே இல்ல" என்று என் மகள் சுஹைர் சீறினாள். "கட்டினா இவரைத்தான் கட்டுவேன்."

எனக்கு அக்கறை மகள் மேல். கல்யாணத்தன்று, மாப்பிள்ளையை அழைத்து வரும்படி மேளக்காரர்களை ரகசியமாக அவன் வீட்டுக்கே அனுப்பினேன். அதற்குள் அவன் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டான்.

நிக்காஹ் எழுத வந்த ஷேக் பேனாவைத் திறந்தபோது தெருவில் மேளச் சத்தம் கேட்டது. ரவூஃப் முகம் வெளுத்தது.

"மாப்பிள்ளை கிளம்பிட்டாராம். வீட்டுல இருந்தவங்கள அழைச்சிட்டு வந்தோம்" என்றான் மேளக்காரன்.

பின்னால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஒருத்தி வந்தாள்.

"யோவ், மரம் நடப் போறேன்னுதானே சைக்கிள எடுத்த? இங்க எதய்யா நடுற?"

சுஹைர் ஷேக்கின் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள்.

"எழுதாதீங்க ஷேக். காகிதம் வீண், மரம் வெட்டணும்."