லாயக்கில்லாத ஆள்

"அந்த ஒட்டடைக்குச்சியை எடுத்தீங்கன்னா டீம் உருப்பட்ட மாதிரிதான் சார்! காத்தடிச்சா அவன் ஒரு பக்கம் போவான், பந்து ஒரு பக்கம் போகும்!"

கோச் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் போட்டார். அவருடைய பூட்ஸ் சேறு, வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் புதுக் கம்பளத்தில் அச்சு வைத்திருந்தது.

எதிரே இயக்குநர். இயக்குநர் என்றதும் சினிமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கால்பந்துக் கிளப். எந்த ஆட்டக்காரனை வாங்குவது, எவனைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்கிற நாற்காலி. கிளப் முதலாளியின் மகளைக் கட்டிய கையோடு அவருக்குக் கிடைத்தது. அதற்குமுன் அவர் பந்தை டி.வி.யில்தான் பார்த்திருந்தார், அதுவும் விளம்பர இடைவேளைகளுக்கு நடுவில்.

மடிக்கணினியில் ஒட்டடைக்குச்சியின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் திரையில் விரலை வைத்தார்.

"இந்தக் கறுப்புச் சட்டை யாரு கோச்? ஒரு நிமிஷம் நிக்காம ஓடுறானே, இவன் நமக்குக் கிடைப்பானா?"

"அது நடுவர் சார்."

"தெரியும், தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

மனுஷனுக்கு இன்று புத்தி எதிலும் நிற்கவில்லை, பாவம். நாற்காலி ஒரு வருடத்துக்குத்தான் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு வருடம் இன்றோடு முடிகிறது. நிரந்தரமா இல்லையா என்று மாமனார் சாயங்காலம் சொல்லப்போகிறார்.

"சரி, இவன் வேண்டாம்னா யாரைத்தான் எடுக்கிறது?"

"மொட்டையை எடுங்க சார்! தங்கமான ஆட்டம். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்."

இயக்குநர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பட்டியலில் மொட்டையின் பெயரை அடித்தார். ஒட்டடைக்குச்சியின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார்.

அதுதான் அவருடைய தொழில் ரகசியம். வருட ஆரம்பத்தில், கோச் ஆகா ஓகோவென்று புகழ்ந்த ஒரு தடுப்பாட்டக்காரனை வாங்கினார். அவன் மூன்றே ஆட்டத்தில் சொந்த கோலுக்குள்ளேயே இரண்டு அடித்துவிட்டான். வந்த கோபத்தில், "ஓட்டைக் கைப்பயல்" என்று கோச் ஒதுக்கிய கோல்கீப்பரை வீம்புக்கென்றே போய் வாங்கினார். அவன் கையைத் தாண்டி ஒரு ஈ போகவில்லை. பிறகு கோச் திட்டத் திட்ட வாங்கிய இரண்டு பேரும் சோடை போகவில்லை. கடைசி இடத்தில் கிடந்த அணி மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது.

கோச் திட்டினால் வைரம், புகழ்ந்தால் கூழாங்கல். இந்தச் சூத்திரத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் தாண்டி அவர் எங்கேயும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "ஆளைப் பார்த்த உடனே எடை போட்டுடுவேன். அது கூடவே பிறந்தது" என்பார்.

"அதை விடுங்க கோச்," என்று குரலைத் தாழ்த்தினார். "மாமா உங்களைக் கூப்பிட்டாராமே?"

"நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கார் சார். உங்களை நிரந்தரமாக்கலாமான்னு என் அபிப்பிராயம் வேணுமாம்."

"நம்ம பழக்கத்துக்கு என்னைப்பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்களேன். அடுத்த வருஷமும் நீங்கதான் கோச். அதுக்கு நான் பொறுப்பு."

"நான் சொன்னா முதலாளி கேட்பாரா சார்?"

"கேட்காம? ஆளை எடை போடுறதுல மாமாவும் நானும் ஒண்ணு. எனக்கு என்ன கணக்கோ, அவருக்கும் அதே கணக்குதான்."

விசிலை எடுக்கப்போன கோச் அப்படியே நின்றார்.

"அதே கணக்கா சார்?"

"அச்சு அசல்!"

"அப்ப கவலையை விடுங்க." கோச்சுக்கு முகமெல்லாம் பல். "உங்களை மாதிரி ஒரு இயக்குநர் கிடைக்க இந்தக் கிளப் கொடுத்து வச்சிருக்கணும்னு சொல்றேன். நீங்க இல்லாட்டி டீமே இல்லைன்னு சொல்றேன். போதுமா?"

"இன்னும் கொஞ்சம் தூக்கலாவே சொல்லலாம்!"

"தூக்கிடலாம் சார்," என்று சொல்லிவிட்டு, வந்த சேற்றுத் தடத்திலேயே கோச் திரும்பிப் போனார்.

இயக்குநர் நிம்மதியாக ஒரு காபி குடித்தார். ஒட்டடைக்குச்சியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வரும் பத்து வருடங்களுக்கு இந்த ஜன்னல் தன்னுடையது என்று நினைத்தபோது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அப்பா உங்களை எடுத்துட்டாருங்க."

"எடுத்துட்டாரா! நிரந்தரமாவா?"

"நிரந்தரமாத்தான். வேலையிலேர்ந்து."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "அந்தப் பாவி கோச் என்னைக் கவுத்துட்டானா?"

"ஐயோ, அவரை ஏன் திட்டுறீங்க? அரை மணி நேரம் மூச்சு விடாம உங்களைப் புகழ்ந்தாராம். அதைக் கேட்டுத்தான் அப்பா பயந்துட்டார். 'கோச் புகழ்ந்தா கூழாங்கல்னு மாப்பிள்ளைதானே சாப்பிடும்போதெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார்'ங்கிறார்."

இயக்குநர் கம்பளத்துச் சேற்றைப் பார்த்தபடி, "அப்ப... என் நாற்காலியில யாராம்?" என்றார்.

"அந்தக் கோச்தாங்க. 'யாரை வேணும்னாலும் போடுங்க, என்னை மட்டும் போட்டுடாதீங்க, அந்த வேலைக்கு நான் சுத்தமா லாயக்கில்லாத ஆள்'னு தன்னைத்தானே அப்படித் திட்டிக்கிட்டாராம்!"