மருதவல்லியின் ரிவால்வர்

ஜன்னல் கண்ணாடி உடைந்து ஹாலெங்கும் சிதறியது. அரிவாளோடு இரண்டு பேர் உள்ளே குதித்தார்கள். அந்த ஏலத்தோட்ட பங்களாவில் அப்போது துரைராசுவும் அவர் மனைவி மருதவல்லியும் மட்டுமே இருந்தார்கள்.

துரைராசு போன மாதம் வாங்கிய புதுப் பிஸ்டலை இடுப்பிலிருந்து உருவி விசையை அழுத்தினார். அது அசையவில்லை. பதற்றத்தில் பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்.

"என்ன மொதலாளி, சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணணுமா?" என்று ஒருவன் அரிவாளை ஓங்கினான்.

பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லி கணவர் தினமும் கிண்டல் செய்யும், தன் அப்பாவின் பழைய ரிவால்வரை மருதவல்லி இழுப்பறையிலிருந்து எடுத்தாள். கட்டைவிரலால் அதன் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தாள். 'டடக்' என்ற ஒலி சுவரில் மோதித் திரும்பியது.

"அரிவாளைக் கீழ போட்டுட்டு குப்புறப் படுங்கடா."

படுத்தார்கள். துரைராசு கொடிக்கயிற்றால் இருவரையும் கட்டி முடிக்கும்வரை அவள் ரிவால்வரைத் தாழ்த்தவே இல்லை.

"நானா இருந்தா சுட்டிருப்பேன், வல்லி. நீ எப்படி அவ்வளவு நிதானமா நின்ன?"

தரையில் கிடந்தவர்களைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"இதுக்குத் தோட்டா வர்றது நின்னே முப்பது வருஷமாச்சுங்க."