இனி அடக்குவதில்லை

குழல்விளக்கு வெளிச்சத்தில் வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள் தடதடக்கின்றன. காலர் தைப்பவள் பாதித் தையலை அப்படியே விட்டுவிட்டு, ஆன்டிபயாடிக் மாத்திரையை வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கிறாள். அடிவயிறு இன்னும் சுருக்கென்கிறது. அவள் எழுந்ததும் சூப்பர்வைசர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். "மறுபடியும் பாத்ரூமா? அதான் மாத்திரை போடுறியே, கொஞ்சம் அடக்கிக்கிட்டா என்ன?" மற்ற நாளென்றால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்று குரலைத் தாழ்த்தாமலே சொல்கிறாள். "அடக்கி அடக்கித்தான் சார் யூரின்ல இன்ஃபெக்‌ஷன் வந்துச்சு. கிருமியை மாத்திரை பாத்துக்கும். உங்களை நான்தான் பாத்துக்கணும்." வரிசை முழுக்கக் கேட்கிறது. அவர் காது சிவக்கிறது; கால் தானாக விலகுகிறது. அவள் அவசரமில்லாமல் நடக்கிறாள். பின்னால் ஓர் இயந்திரத்தின் சத்தம் நிற்கிறது. "அக்கா, இருங்க, நானும் வரேன்."