வலது ஓரம்

துறைமுக ஊர் ஒன்றின் கால்பந்து அணியில் இஸோபே நடுக்கள ஆட்டக்காரனாகச் சேர்ந்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. இப்போது முப்பத்தெட்டு வயது. ஜப்பானின் பெரிய அணிகள் கூப்பிட்டும் அவன் போகவில்லை. வலது ஓரத்தில் நருசே ஓடிக்கொண்டிருந்தவரை வேறு ஊர் அவனுக்குத் தேவைப்படவில்லை. இஸோபே தலையைத் தூக்காமலே அந்தப் பக்கம் பந்தைத் தட்டிவிடுவான். நருசே அங்கே இருப்பான். போன பனிக்காலத்தில் மூளையில் கட்டி வந்து நருசே இறந்துபோனான்.

அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். ஆட்டம் முடியப்போகும் நேரம், இரு பக்கமும் சமம். பந்து இஸோபேயின் காலுக்கு வந்தது. தலையைத் தூக்காமல் வலது ஓரத்துக்கு நீளமாக அனுப்பினான். அங்கே யாருமில்லை. எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்துவந்து அதை எடுத்துக்கொண்டு போனான். கோல் விழுந்தது. கையோடு ஆட்டம் முடிந்ததற்கான விசிலும் ஒலித்தது.

நருசேயின் இடத்துக்கு வந்திருந்த ஓதாகே மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"இஸோபே அண்ணே, நான் நடுவுலதானே நின்னு கையத் தூக்கினேன்? யாருக்குக் குடுத்தீங்க?"

பெயர் நாக்குவரை வந்துவிட்டது. இஸோபே அதை விழுங்கிக்கொண்டான்.

"தெரியலப்பா" என்றான்.

அரங்கத்தில் யாரும் இருக்கையை விட்டு எழவில்லை. மேல்வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். நருசேயின் மனைவி. அவள் இஸோபேயைப் பார்க்கவில்லை. பந்து போன அந்த வெற்று ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.