ஒருமுறை இமைத்தால் ஓம்

ஒருமுறை இமைத்தால் ஓம், இரண்டுமுறை இமைத்தால் இல்லை என்று டொக்டர் இன்னொரு தடவை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார்.

பிறகு கேட்டார்: நேர்ஸ் உங்களைப் புரட்டும்போதா கால் முறிந்தது?

நான் கண்ணைத் திறந்தபடியே வைத்திருந்தேன்.

நரம்பு நோய் வந்து கை, கால், கழுத்து எல்லாம் விழுந்துவிட்டன. தொண்டையில் குழாய். எனக்கென்று மிஞ்சியது இமை மட்டும்தான். இப்போது அதை அசைக்கவும் பயமாக இருந்தது.

காலையில் என் வலது தொடை வீங்கியிருப்பதைக் கண்டு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். மாதக்கணக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால் எலும்பு கரைந்துகொண்டே போகுமாம். விற்றமின் டி வேறு என் இரத்தத்தில் அடிமட்டத்தில் இருக்கிறதாம். இதில் என்ன அதிசயம்? ஃபாரஸ்ட் கேட் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் நித்திரை. லண்டனில் அடிக்கிற கொஞ்ச வெயிலையும் நான் கண்டதில்லை.

"இஞ்சாருங்கோ, பயப்பிடாமல் சொல்லுங்கோ. ஆர் செய்தது?" என் மனைவி சிவனேஸ்வரி நெற்றியைத் தடவினாள்.

செய்தது அவள்தான்.

நேற்றுப் பின்னேரம், கைப்பையில் ஒளித்துக்கொண்டுவந்த நல்லெண்ணெயைப் பூசி, என் காலை உருவி, மடக்கி, நெஞ்சுவரை தள்ளினாள். நரம்பு இறுகிப்போகக் கூடாதாம். உள்ளே ஏதோ நொறுங்கியது. என் கண்ணால் நீர் ஓடியது. உணர்ச்சி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு தரம் மடக்கினாள்.

நேற்று என் காலைத் தொட்டவர்கள் இரண்டே பேர். மற்றவள் மேரிசாந்தி, மன்னார்ப் பிள்ளை, என் நேர்ஸ். இழுக்க வேண்டாம் அக்கா, எலும்பு தாங்காது என்று போன கிழமையே மனைவிக்குச் சொன்னவள். சின்னப் பெட்டைக்கு என்ன தெரியும் என்று இவள் காதிலே போட்டுக்கொள்ளவில்லை.

மேரிசாந்தி கட்டிலின் காலடியில் நின்று என்னையே பார்த்தாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று நம்பினாள், பாவம்.

இரண்டுமுறை இமைத்தால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். சோறு அடிப்பிடித்தாலே இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிற மனுஷி. இதை எப்படித் தாங்குவாள்?

கண் எரிந்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் இமைக்காமல் கிடக்கலாம்?

மூடினேன். மூடிய கண்ணைத் திறக்கவில்லை. நித்திரையாகிவிட்டேன் என்று நினைக்கட்டும், கேள்வி அப்படியே போகட்டும் என்று இறுக்கி மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான். வெட்கமாக இருந்தது.

சிவனேஸ்வரி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். டொக்டர் அவசரப்பட வேண்டாம் என்றார். ஆனாலும் விசாரித்து முடியும்வரை மேரிசாந்தி இந்தக் கட்டிலுக்கு வரமாட்டாள் என்றார். சப்பாத்துச் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயின.

கண்ணைத் திறந்தேன். என் மனைவியைத் தவிர ஒருவரும் இல்லை. அழுதிருந்தாள்.

"இனி உங்களை ஒருத்தரும் தொட வேண்டாம். எல்லாம் நானே பாக்கிறன்" என்றபடி என் இடது காலை இரண்டு கையாலும் தூக்கினாள்.

இரண்டுமுறை இமைத்தேன். மறுபடியும் இரண்டுமுறை.

அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.